க்ளாக்கில் அந்தப் பூட்டு கிடையாது

காந்தி பஜாரில் மருந்துக்கடை நடத்தும் வசந்தா தொடர்கதை எழுதுகிறவள் என்பது அவளிடம் மாத்திரை வாங்கும் பாதிப் பேருக்குத் தெரியாது. மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, கைபேசியில் கட்டைவிரலாலேயே தட்டி முடித்துவிடுவாள். வாரம் ஒரு அத்தியாயம், கதை படிக்கிற செயலி ஒன்றில் வரும். கதாநாயகி இன்ஸ்பெக்டர் தாரிணி. மணல் லாரி, சிலைத் திருட்டு, கள்ளச்சாராயம் எதையும் விடாதவள். வசந்தாவின் கணவன் ராஜாராம் சிங்கவரம் கிராமத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவன். முதல் வாசகனும் அவன்தான். "சண்டை கம்மியா இருக்குது" என்பதைத் தவிர அவன் வேறு விமர்சனம் சொன்னதில்லை.

அவனுக்காகவே ஒரு வாரம் சண்டையைக் கூட்டினாள். பனமலை ஏரிக்கரையில் சிலைத் திருடர்களைத் தாரிணி சுற்றி வளைக்கிறாள். 'இடுப்பிலிருந்த க்ளாக் பிஸ்டலை உருவி, அதன் சேஃப்டி பூட்டைக் கட்டைவிரலால் தள்ளினாள். க்ளிக்!' அந்த இடத்தில் அத்தியாயத்தை நிறுத்திவிட்டு வசந்தா திருப்தியோடு கடையைப் பூட்டினாள்.

மறுநாள் காலை குரு என்கிற பெயரில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். 'க்ளாக்கில் கட்டைவிரலால் தள்ளுகிற பூட்டே கிடையாது சகோதரி. அந்தக் கம்பெனிக்கே அதுதான் அடையாளம். நீங்கள் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்ததே இல்லையா?' அதன் கீழே சிரிக்கிற மஞ்சள் முகங்கள் நீளமாக வரிசை கட்டியிருந்தன.

வசந்தாவுக்கு முகம் சுண்டிப்போனது. பெயர் கேட்க நன்றாக இருக்கிறதே என்றுதான் க்ளாக் என்று போட்டிருந்தாள். உடனே பூட்டு வருகிற வாக்கியத்தை எடுத்துவிட்டாள். அவமானம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் போய்விட்டது. கேள்வி மட்டும் போகவில்லை. பூட்டே இல்லையென்றால் அதை எப்படி இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடுவது? தானாக வெடித்துவிடாதா? மற்றவர்கள் வைக்கிற பூட்டை இவன் ஒருவன் மட்டும் எந்த தைரியத்தில் வைக்காமல் விட்டான்?

கம்பெனி விஷயத்தில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு ஆர்வம் இருந்தது. உள்ளே இருக்கிற மருந்து ஒன்றேதான், அட்டைதான் வேறு என்று எத்தனை முறை சொன்னாலும், "எனக்கு அந்த கம்பெனி மாத்திரைதான் கேக்கும்" என்று பிடிவாதமாக நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறவள். அவர்கள் நம்புவது எதை என்று யோசித்திருக்கிறாள். துப்பாக்கியிலும் அப்படி இருக்குமா?

எதிர் வரிசையில் இருந்த வங்கியின் காவலாளி தங்கராஜ் எல்லைப் பாதுகாப்புப் படையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்மரர் என்றால் படைக்கு வருகிற ஆயுதங்களைப் பிரித்து, பழுது பார்த்து, பூட்டித் தருகிறவர். பிரஷர் மாத்திரை வாங்க வந்தவரிடம் வசந்தா கேட்டாள்.

"சார், க்ளாக் பிஸ்டல்ல பூட்டு இல்லியாமே, நெசமா?"

தங்கராஜின் முகம் மலர்ந்தது. வங்கிக்கு வந்த இத்தனை காலத்தில் அவர் தோளில் தொங்குகிற இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பற்றிக்கூட யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"க்ளாக்கா? அது பிளாஸ்டிக் மா."

"இன்னா சார் சொல்றீங்க? பிளாஸ்டிக்கா?"

"குழல், மேல ஓடுற ஸ்லைடு எல்லாம் இரும்பு. கையில புடிக்கிற பாகம் பூரா பிளாஸ்டிக். ஆஸ்திரியாக்காரன் செய்யறது. பிஸ்டல் செய்றதுக்கு முன்னாடி அந்த ஆளு இன்னா செஞ்சிக்கிட்டு இருந்தான் தெரியுமா? ஜன்னலுக்கு ஸ்கிரீன் மாட்டுற கம்பி." தங்கராஜ் கவுண்டர் மேல் சாய்ந்துகொண்டார். "நம்ம படையிலயும் போலீஸ்லயும் குடுக்கற நைன் எம்எம் பிஸ்டல எடுத்துக்க. அமெரிக்காக்காரன் ஆரம்பிச்ச டிசைன், பெல்ஜியத்துல செஞ்சாங்க, அப்பறம் கனடாவுல, இன்னிக்கு நம்ம இஷாப்பூர் ஃபேக்டரியில. தொண்ணூறு வருஷம் ஆவப்போவுது. ஒரு டிசைன் தொண்ணூறு வருஷம் நிக்குதுன்னா சும்மாவா? இடது பக்கம் கட்டைவிரல் படுற எடத்துல பூட்டு. மேல தள்ளுனா தூங்கும், கீழ தள்ளுனா முழிச்சிக்கும்."

அப்போது அமலா உள்ளே வந்தாள். பக்கத்து ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர். அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிறவள். போலீஸ் துப்பாக்கி சுடும் போட்டிகளில் மாவட்டத்துக்காகச் சுட்டிருக்கிறாள். நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, "சார் சொல்றது பாதிதான் அக்கா சரி" என்றாள்.

தங்கராஜ் திரும்பினார். "மீதிப் பாதி இன்னா மேடம்?"

"க்ளாக்குலயும் பூட்டு இருக்குது. கட்டைவிரலுக்கு இல்ல, அவ்ளோதான். ட்ரிக்கர்லயே நாக்கு மாதிரி சின்னதா ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும். விரல் அத்த அழுத்துனாதான் ட்ரிக்கர் நகரும். உள்ள இன்னும் ரெண்டு பூட்டு. கீழ விழுந்தாலும் வெடிக்காது."

"தப்பா விரல் பட்டுட்டா?"

"எதுக்கு சார் தப்பா படணும்? விரல வெளிய வைக்கத்தான ட்ரெயினிங்."

"மனுஷன்னா தப்பு பண்ணுவான் மேடம். நாம தப்பு பண்ணாலும் வெடிக்காம இருக்கணும். அதுதான் நல்ல பிஸ்டல்."

"பயத்துல கை ஒதறும்போது கட்டைவிரல் உங்க பூட்ட எங்க போய் தேடும்? அதுக்குள்ள எதிர்ல நிக்கிறவன் வேலைய முடிச்சிடுவான். எடுத்த ஒடனே வேலை செய்யணும். அதுதான் நல்ல பிஸ்டல்."

இருவருமே 'நல்ல' என்றுதான் சொன்னார்கள். ஆனால் தங்கராஜ் பயந்தது தன் கையைப் பார்த்து; அமலா பயந்தது எதிராளியைப் பார்த்து. பக்கவிளைவு வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்குகிற ஆளும், வலி உடனே நின்றால் போதும் என்கிற ஆளும் ஒரே கவுண்டரில் நிற்பது போல வசந்தாவுக்குத் தோன்றியது. மாத்திரையை எடுத்துக் கொடுக்கவும் மறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க வாதம் ஓயவில்லை. தங்கராஜ் வங்கி வாசலிலிருந்தே சாலையைத் தாண்டி ஒரு பதிலைச் சொல்வார். அமலா ஜீப்பில் போகும்போது நிறுத்தி எதிர்ப்பதில் சொல்லிவிட்டுப் போவாள். டீக்கடை வளவன் கைபேசியைப் பார்த்து மூன்றாவது கட்சி ஒன்றைத் தொடங்கினான். "இத்தாலிக்காரன் பெரெட்டா கம்பெனி ஐநூறு வருஷமா துப்பாக்கிக் குழல் செய்றான். மராட்டிய ராஜா சிவாஜி நம்ம ஊரு கோட்டையப் புடிக்கறதுக்கு நூத்தம்பது வருஷம் முன்னாடியே அவன் கடைய தொறந்துட்டான். அவன வுட்டுட்டு நேத்து வந்தவன பேசறீங்களே!" ராஜாராம்கூட, வயலில் மோட்டார் போட்டுவிட்டு வீடியோ பார்த்திருக்க வேண்டும், "அமெரிக்க பட்டாளமே சிக் சாவர் கம்பெனி பிஸ்டல்தான் வாங்கியிருக்குது, தெரியுமா?" என்று சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டான். பஜாரில் பிஸ்டலைக் கையில் தொட்டவர்கள் இரண்டு பேர். கட்சி கட்டியவர்கள் முப்பது பேருக்குக் குறையாது.

சனிக்கிழமை வசந்தா தன் யோசனையைச் சொன்னாள். "புது மருந்த சோதிக்கும்போது பேர மறைச்சிதான் குடுப்பாங்க. எது எந்த மாத்திரைன்னு சாப்புடறவங்களுக்கும் தெரியாது. அதேமாதிரி கண்ண கட்டிட்டு புடிச்சிப் பாத்தா என்ன? கம்பெனி பேரு பேசுதா, கை பேசுதான்னு தெரிஞ்சிடும்ல?"

"நெச பிஸ்டல உங்க கையில குடுத்தா எனக்கு வேலை போயிடும் அக்கா," என்று அமலா சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "ஏர் பிஸ்டல்னா முடியும். திருவண்ணாமலையில ஆனந்தராஜ்னு எனக்குத் தெரிஞ்ச கோச் ஒரு கிளப் வச்சிருக்காரு. போட்டிக்கு சுடறது. மூணு நாலு கம்பெனி இருக்குது."

"காத்துல ஓடுற பொம்மையா?" என்றார் தங்கராஜ். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டு ரோட்டில் எல்லோருக்கும் முன்னால் வந்து, சலவைச் சட்டையில் நின்றது அவர்தான்.

கோட்டை மலைகளான ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே பஸ் புகுந்து போகும்போது தங்கராஜும் அமலாவும் மலையைப் பார்க்கவில்லை. முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, ஸ்லைடு பிரிக்கிற விதத்தைப் பற்றி அமலாவிடம் தங்கராஜ் சண்டை போட்டுக்கொண்டே கீழ்பென்னாத்தூர் தாண்டினார்.

கிளப் என்பது ஒரு பழைய நெல் குடோன். ஒரு பக்கம் மேசை வரிசை; பத்து மீட்டர் தள்ளி எதிர்ச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் காகித இலக்குகள். ஆனந்தராஜ் ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். சோதனை என்றதும் அவருக்கும் சுவாரசியம் பிறந்துவிட்டது. மூன்று பிஸ்டல்களின் காற்றுச் சிலிண்டர்களையும் கழற்றிவிட்டு மேசையில் வைத்தார். ஒன்று ஸ்விட்சர்லாந்தின் மொரினி, ஒன்று ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ஒன்று ஜெர்மனியின் வால்தர். வசந்தா கடையிலிருந்து கொண்டுவந்த மருத்துவ டேப்பைக் கத்தரித்து, பெயர்கள் தெரியாமல் ஒட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டாள். தங்கராஜின் துண்டை எடுத்து முதலில் அவருக்கே கட்டினாள்.

அவர் ஒவ்வொன்றையும் வாங்கி, கையை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் பார்த்தார். விரல்கள் கைப்பிடிக் கட்டையின் வளைவுகளில் தடவித் தடவி நகர்ந்தன. "ரெண்டு," என்றார் கடைசியில். "ரெண்டாவது குடுத்தது கையிலயே பொறந்த மாதிரி இருக்குது."

அடுத்து அமலா. அவளை வெளியே நிற்கவைத்திருந்ததால் தங்கராஜ் சொன்னது அவளுக்குத் தெரியாது. வசந்தா கொடுக்கிற வரிசையையும் மாற்றிவிட்டாள். அமலாவும் அதே பிஸ்டலில்தான் நின்றாள். "இதுதான் அக்கா. மணிக்கட்டு தானா பூட்டிக்குது."

டேப்பை உரித்தார்கள். வால்தர். இரண்டு பேருமே ஒரு வாரமாகப் பெயரைக்கூட எடுக்காத கம்பெனி.

"ஜெர்மன்காரனா!" என்றார் தங்கராஜ்.

ஆனந்தராஜ் சிரித்தார். "உள்ள இருக்கற இரும்பு ஜெர்மன் சார். நீங்க புடிச்ச கட்டை போளூர் ஆசாரி செஞ்சது. பழசு ஒடஞ்சி போச்சு. நாலு தடவ செதுக்கி, அப்பறம் எம்-சீல் வச்சி அப்பி, அரம் போட்டுத் தேச்சது. எங்கிட்ட இருக்கறதுலயே பழைய பிஸ்டல் இதுதான்."

"அப்போ ஜெயிச்சது ஆசாரியா, கம்பெனியா?" என்று வசந்தா கேட்டாள். ஆனந்தராஜ் அதை அவள் கையில் கொடுத்தார். அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கைப்பிடி அவள் விரல்களைப் பிளந்துகொண்டு நின்றது. கட்டைவிரலின் அடியில் முண்டு ஒன்று குத்தியது. ஸ்டெயரை வாங்கினாள், அது சமாதானமாக உட்கார்ந்தது. ஆக, மூன்று பேரை வைத்துச் செய்த சோதனையும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வசந்தாவுக்கு அதில் ஏமாற்றமே இல்லை. ஒரு கேள்வியாக வந்தது மூன்றாகக் குட்டி போட்டிருப்பதைப் பார்த்து உற்சாகமாகத்தான் இருந்தது.

பிறகு காற்றுச் சிலிண்டர்களை மாட்டிச் சுட்டார்கள். கையை உயர்த்தியதும் வசந்தா முதலில் கண்டது இலக்கை அல்ல. பிஸ்டலின் முன்முனை துடிப்பதை. தன் நாடி அது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடையில் பிரஷர் பார்க்கும்போது அடுத்தவர் நாடியைப் பிடித்துப் பழகியவளுக்குத் தன்னுடையது இப்படி வெளியே நீட்டிக்கொண்டு ஆடுவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. எப்போது அழுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். குண்டு காகிதத்தின் மூலையைக் கிழித்திருந்தது. "இன்னும் ஒண்ணு," என்றாள். அதற்குப் பிறகும் ஒன்று கேட்டாள். தன் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு அவளே கொஞ்சம் திடுக்கிட்டாள். தாரிணிக்கு இத்தனை அத்தியாயங்களாகத் துப்பாக்கி கொடுத்திருக்கிறாள். அதைக் கீழே வைக்க மனம் வராது என்று ஒரு வரி எழுதியதில்லை.

அமலா கறுப்பு வட்டத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் போட்டாள். தங்கராஜ் பாதி உள்ளே, பாதி வெளியே. "பின்னால ஒதைக்கவே இல்லியே, இதுல இன்னா சொகம்?" என்று குறைபட்டுக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வசந்தா கேட்டாள், "ஏன் அமலா, டூட்டியில எப்பனா பிஸ்டல எடுத்திருக்கியா?"

அமலா ஜன்னலைப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவ அக்கா. ஒரு கிராமத்துல அண்ணன் தம்பி வரப்புத் தகராறு. மோட்டார் கொட்டாயில அண்ணங்காரன் தம்பிய மடக்கி கழுத்துல அருவாள வச்சிட்டு நின்னான். நான் பிஸ்டல லோடு பண்ணிட்டுதான் ஜீப்ப வுட்டு எறங்குனேன். நீட்டி நின்னேன். எவ்ளோ நேரம்னு தெரியல. அப்பறம் அவனே அருவாள கீழ போட்டுட்டு உக்காந்து அழுதான்."

"எந்த பிஸ்டல் அது?"

"சத்தியமா ஞாபகம் இல்ல. அப்போ இருந்த ஸ்டேஷன்ல க்ளாக், நைன் எம்எம் ரெண்டும் இருந்துச்சு. அவசரத்துல எத எடுத்தேன்னு தெரியல. மோட்டார் ஓடிக்கிட்டே இருந்துச்சு, தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு. அந்த சத்தம் மட்டும் இன்னிக்கும் கேக்குது."

தங்கராஜ் மெதுவாகக் கேட்டார். "விரல் எங்க இருந்துச்சு மேடம்?"

"வெளியதான் சார்."

"எப்படி நின்னீங்க? தோ, இந்தக் கம்பியப் புடிச்சிக் காட்டுங்க."

அமலா முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தாள். கண்ணை மூடினாள். தோள் இறுகியது, ஆள்காட்டி விரல் கம்பியோடு நேராக நீண்டது. அப்போது, யாரும் கேட்காமலே, அவளுடைய கட்டைவிரல் மேலே எழுந்து கம்பியின் பக்கவாட்டில் ஒரு முறை கீழே இழுத்தது.

மூவருமே அதைப் பார்த்தார்கள். கண்ணைத் திறந்த அமலா தன் விரலையே புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பூட்டத் தள்ளுச்சு," என்றாள் வசந்தா.

"நைன் எம்எம்," என்றார் தங்கராஜ். ஆனால் ஜெயித்தவரின் குரலில் சொல்லவில்லை. "பயத்துல தேடும்னு சொன்னீங்க. தானா போயிருக்குது."

"ட்ரெயினிங்ல பழகுனதா கூட இருக்கலாம் சார். அது அன்னிக்குப் பண்ணதுதான்னு எப்படி சொல்ல முடியும்?" அமலா மறுபடியும் கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். இந்த முறை கட்டைவிரல் அசையவில்லை. யோசித்துக்கொண்டு பிடித்தால் வராது போலிருந்தது. கோட்டைச் சுவர் தெரிகிற வரை அவள் அந்தக் கம்பியை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

இறங்கும்போது வசந்தா கேட்டாள். "இத்த நான் எழுதிக்கவா?"

"எழுதுங்க அக்கா. ஆனா சுட்ட மாதிரி எழுதிடாதீங்க."

திங்கட்கிழமை மத்தியானம் வசந்தா அடுத்த அத்தியாயத்தை எழுதினாள். ஏரிக்கரையில் தாரிணி பிஸ்டலை நீட்டி நிற்கிறாள், முன்முனையில் தன் நாடி துடிப்பதைப் பார்க்கிறாள், சுடவில்லை. கடைக்கு வந்திருந்த ராஜாராம் படித்து முடித்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தான். சண்டையைப் பற்றி எதுவும் சொல்லாமல், "கொஞ்ச நேரம் மூச்சே வுடல நானு" என்றான்.

மறுநாள் வங்கி திறப்பதற்கு முன்பே தங்கராஜ் கடைக்கு வந்தார். மாத்திரை கேட்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "உன் போன்ல அந்த க்ளாக் உள்ள எப்படி இருக்குதுன்னு காட்ட முடியுமா மா? நம்மளுது பட்டன் போனு," என்றார்.

"ஒத்துக்கிட்டீங்களா சார்?"

"எங்க ஒத்துக்கிட்டேன்? பிரிச்சிப் பாக்காத சாமானத்த ஒரு வாரமா திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். அது ஒறுத்துது."

வசந்தா கைபேசியை இருமல் டானிக் பாட்டில்களின் மேல் சாய்த்து வைத்தாள். திரையில் ஒரு பிஸ்டல் கண்ணாடியால் செய்தது போல உள்ளே எல்லாம் தெரிய மெல்லச் சுழன்றது. விரல் ட்ரிக்கரின் நாக்கை அழுத்தியது. உள்ளே சின்னச் சின்னத் துண்டுகள் ஒன்றை ஒன்று தள்ளின, விலகின, மறுபடி எழுந்து வழியை மறித்தன. தங்கராஜ் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"நிறுத்து, நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ. தோ, இது! விரல எடுத்த ஒடனே இந்தப் பொடி முளை வந்து, தோட்டாவ இடிக்கிற ஊசிக்குக் குறுக்க நிக்குது பாரு."

"எங்க சார்?"

"இங்க. இன்னொரு தடவ போடு."

தளவானூர் கிராமத்திலிருந்து மருந்துச் சீட்டோடு வந்த அம்மாள் ஒருத்தி கவுண்டரில் நின்று இருவரையும் பார்த்தாள். கேட்கக் கூச்சப்பட்டவள் போல முதலில் தயங்கினாள். பிறகு அவளும் எட்டிப் பார்த்தாள்.

"அது இன்னாமா, உள்ள அப்படி ஓடுது?"

எதிரே வங்கியின் ஷட்டர் உயர்கிற சத்தம் கேட்டது. தங்கராஜ் மனமில்லாமல் நிமிர்ந்து, ஆள்காட்டி விரலைக் காற்றில் மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே சாலையைக் கடந்தார். வசந்தா சீட்டை வாங்கி அலமாரியில் மாத்திரையைத் தேடியபடியே அந்த அம்மாளுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.